பார்ட் டைம் டிப்ளமோ: அது யாரோட டைம்?

பேச்சின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.

என்னைப் பேசக் கூப்பிட்டப்ப, "வேலை பார்த்துக்கிட்டே டிப்ளமோ முடிச்ச கதையைச் சொல்லுங்க, கேக்கறவங்களுக்கு மோட்டிவேஷனா இருக்கும்"னாங்க. மோட்டிவேஷன் எல்லாம் எனக்கு வராதுங்க. நான் ஃபிட்டர். ஒரு மெஷின் நின்னா, எது எங்க கழண்டுதுன்னு பார்த்துச் சொல்லத் தெரியும். அதனால, நாலு வருஷப் படிப்பை அஞ்சு வருஷத்துல முடிச்ச கதையில எது எங்க கழண்டுது, அதை எப்படி மறுபடி மாட்டினோம்னு மட்டும் சொல்றேன்.

எனக்குச் சொந்த ஊரு பெருந்துறைக்குப் பக்கம். பெருந்துறைன்னா எங்க அம்மிச்சி காலத்து ஆளுங்களுக்கு சானடோரியம்தான் ஞாபகம் வரும். எங்கம்மாவுக்கு மஞ்சள் ஏலம். எங்க செட்டுக்கு சிப்காட். பத்தாவது முடிச்சேன், ஐ.டி.ஐ.யில ஃபிட்டர் டிரேடு ரெண்டு வருஷம், அப்புறம் அப்ரண்டிஸ். 2011-ல சிப்காட்ல துணி பிராசஸிங் பண்ற ஒரு மில்லுல, மெயின்டனன்ஸ் செக்‌ஷன்ல சேர்ந்தேன். பம்ப், பாய்லர் லைன், கம்ப்ரஸர், இதுகளோடதான் பொழப்பு.

அங்க ஒரு விஷயம் சீக்கிரமே புரிஞ்சுது. ஐ.டி.ஐ. படிச்சவன் ஸ்பேனர் பிடிப்பான். டிப்ளமோ படிச்சவன் நோட்டு பிடிப்பான். வேலை தெரியுமா தெரியாதாங்கறது அதுக்கப்புறம்தான். என்னைவிட நாலு வயசு சின்னப் பையன் டிப்ளமோ முடிச்சுட்டு நேரா சூப்பர்வைசரா வந்தான். நல்ல பையன்தான். ஆனா முதல் ஆறு மாசம் கேட் வால்வு எது, குளோப் வால்வு எதுன்னு நான்தான் காட்டிக் கொடுத்தேன். லாக் புக்ல கையெழுத்து அவன் போடுவான். எனக்குக் கோபம் அவன் மேல இல்லைங்க. அந்தப் பேனா மேலதான்.

மூணு வழி

2013, 14-ல படிக்கலாம்னு முடிவு பண்ணி விசாரிச்சப்ப எனக்கு மூணு வழி தெரிஞ்சுது. இப்ப இதைக் கேட்டுக்கிட்டு இருக்கற உங்கள்ல பல பேர் இதே இடத்துல நின்னுட்டு இருப்பீங்கன்னு தெரியும். அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

முதல் வழி, ஏஜென்ட். ஒருத்தர் எங்க கேட்டுக்கு வெளியே இருந்த டீக்கடைக்கே வந்தாரு. "கிளாஸ் கிடையாது, லேப் கிடையாது, வருஷத்துக்கு ஒரு தடவை பரீட்சை எழுதினாப் போதும், தபால்லயே முடிச்சிடலாம்"னாரு. பணம் மூணு தவணையா கட்டலாம். எனக்கு ஆசை வந்துடுச்சுங்க. பொய் சொல்ல மாட்டேன். முதல் தவணைக்குப் பணம்கூடப் புரட்டி வெச்சிருந்தேன்.

ரெண்டாவது, ஏ.எம்.ஐ.இ. கொல்கத்தாவுல தலைமையகம் இருக்கற 'இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ்' நடத்தற பரீட்சை. 1920-ல ஆரம்பிச்ச பழைய அமைப்பு. செக்‌ஷன் ஏ, செக்‌ஷன் பி ரெண்டும் முடிச்சா இன்ஜினியரிங் டிகிரிக்குச் சமம்னு மத்திய அரசு ஏத்துக்கிட்டு இருந்துது. வேலை பார்த்துக்கிட்டே தானாப் படிச்சு இன்ஜினியர் ஆன ஒரு தலைமுறையே அதுல வந்திருக்கு. ஆனா 2013 மே 31 வரைக்கும் பதிவு பண்ணினவங்களுக்குத்தான் அந்தச் சமம். நான் விசாரிக்கறப்ப அந்தத் தேதி தாண்டி ஒரு வருஷம் ஆகிடுச்சு.

மூணாவது, பார்ட் டைம் டிப்ளமோ. தமிழ்நாட்டுல தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், அதாவது டி.ஓ.டி.இ., அதுதான் பாலிடெக்னிக் டிப்ளமோவை நடத்துது. ஃபுல் டைம்னா 3 வருஷம், 6 செமஸ்டர். சாண்ட்விச்னா மூன்றரை வருஷம், 7 செமஸ்டர். பார்ட் டைம்னா 4 வருஷம், 8 செமஸ்டர். சாயங்காலம் கிளாஸ். லேப் உண்டு, ஒர்க்‌ஷாப் உண்டு, அட்டெண்டன்ஸ் உண்டு. அமெரிக்காவுல 'அசோசியேட் டிகிரி'ன்னு சொல்றாங்களே, கம்யூனிட்டி காலேஜ்ல வேலை பார்த்துக்கிட்டே படிக்கறது, கிட்டத்தட்ட அதோட நம்ம ஊர் வடிவம்னு வெச்சுக்கலாம்.

எங்க அம்மாதான் முடிவு பண்ணினாங்க. அவங்களுக்கு டி.ஓ.டி.இ.யும் தெரியாது, ஏ.எம்.ஐ.இ.யும் தெரியாது. "கிளாஸே இல்லாம என்னத்தச் சாமி சொல்லிக் குடுப்பாங்க?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டாங்க. எனக்குப் பதில் இல்லை. புரட்டின பணத்தை மூணாவது வழியில கட்டினேன். கோயமுத்தூர்ல ஒரு பாலிடெக்னிக், மெக்கானிக்கல், 2014.

2,560 மணி நேரம்

பெருந்துறையில இருந்து கோயமுத்தூர் 80 கிலோமீட்டர் பக்கம். விஜயமங்கலம், பெருமாநல்லூர், அவினாசி, கருமத்தம்பட்டி, அப்புறம் டவுன். பஸ்ல ரெண்டு மணி நேரம். முதல் ஷிப்ட் காலையில 6-ல இருந்து 2 மணி. 3 மணிக்கு பஸ் ஏறினா 5 மணி சொச்சத்துக்கு இறங்குவேன். 6-ல இருந்து 9 கிளாஸ். திரும்ப 11, 11.15-க்கு பெருந்துறை. அதுவும் பாதி பஸ் ஊருக்குள்ள வராது, பைபாஸ்லயே இறக்கிவிட்டுட்டுப் போயிடும். அங்கிருந்து வண்டியை எடுத்துட்டு ஊட்டுக்குப் போய்ப் படுக்க 12 ஆகும். 4.45-க்கு அலாரம்.

பின்னாடி ஒரு நாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு செமஸ்டருக்கு 80 நாள் கிளாஸ்னு வெச்சா, 8 செமஸ்டருக்கு 640 நாள். போக வர நாலு மணி நேரம். 2,560 மணி நேரம் பஸ்ல. கிளாஸ் மூணு மணி நேரம், அப்ப 1,920 மணி நேரம் வகுப்புல. படிச்சதைவிடப் பயணம் பண்ணினது அதிகங்க. யாராவது "டிப்ளமோ எங்க படிச்சே"ன்னு கேட்டா, "என்.எச். 544"னு சொல்லுவேன்.

பஸ்ல போறப்ப தூங்குவேன், வர்றப்ப படிப்பேன். போறப்பப் படிக்கலாம்னுதான் ஆரம்பத்துல நினைச்சேன். மில்லுல எட்டு மணி நேரம் நின்னுட்டு ஜன்னல் சீட்ல உக்காந்தா, டிட்டர்மினன்ட் முதல் வரிசை முடியறதுக்குள்ள விஜயமங்கலம் தாண்டறதே தெரியாது. கண்டக்டர்களுக்கு என்னைத் தெரியும். இறங்கற இடம் வந்தா தோளைத் தட்டி எழுப்பிவிடுவாங்க.

எங்க கிளாஸ்ல முப்பது பேருக்கு மேல சேர்ந்தோம். ஃபவுண்டரி ஆளு, பம்ப் கம்பெனி ஆளு, மில்லு ஆளு, கரண்ட் ஆபீஸ் ஆளு. மூத்தவருக்கு 44 வயசு. அவரோட மகன் ஃபுல் டைம் டிப்ளமோ சேர்ந்திருந்தான்; மகனோட நோட்டைத்தான் அப்பா ஜெராக்ஸ் எடுத்துட்டு வருவாரு. பொண்ணுங்க ரெண்டு பேர். ரெண்டு பேரும் முதல் வருஷத்தோட நின்னுட்டாங்க. ரெண்டு பேருமே என்னைவிட நல்லாப் படிச்சவங்க. ராத்திரி ஒன்பதரைக்கு மேல பஸ் ஸ்டாண்டுல நிக்கறது அவங்களுக்கு வேற, எனக்கு வேற. பார்ட் டைம் படிப்புக்குத் தகுதின்னு பத்தாவது மார்க் ஷீட் கேக்கறாங்க. கடைசி பஸ்ஸும் ஒரு தகுதிதான், அது எந்த அப்ளிகேஷன்லயும் இருக்காது.

கோயமுத்தூர்னா ஜி.டி. நாயுடுவைச் சொல்லாம இருக்க முடியாது. பள்ளிக்கூடப் படிப்பு பெருசா இல்லாத மனுஷன். 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல பஸ் விட்டவரு. அவரோட நன்கொடையில 1945-ல ஆரம்பிச்ச ஆர்தர் ஹோப் காலேஜ்தான் இன்னிக்கு ஜி.சி.டி. இன்ஜினியரிங் படிப்புக்கு நாலு வருஷம் வேண்டாம், அதுல பாதி போதும்னு அவரு வாதாடினாரு. அரசாங்கம் ஒத்துக்கலை. இதை எங்க சார் ஒருத்தர் கிளாஸ்ல சொன்னப்ப நாங்க எல்லாரும் கை தட்டினோம். எங்களுக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிரான கணக்குன்னு அப்புறம்தான் உறைச்சுது. பாடத்தைக் குறைக்கச் சொல்லி நாங்க கேக்கலை. ஒரு நாள்ல எங்களுக்கு மிச்சம் இருக்கறது மூணு மணி நேரம். அந்த மூணு மணி நேரத்துக்குள்ள அடங்கற மாதிரிப் படிப்பை நீட்டி வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். லண்டன்ல 1823-லயே தொழிலாளிங்களுக்காக ஒரு மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் ஆரம்பிச்சு சாயங்கால கிளாஸ் நடத்தியிருக்காங்க. அதுதான் இன்னிக்கு பிர்க்பெக் காலேஜ். இன்னமும் அங்க சாயங்கால கிளாஸ் நடக்குது. வேலைக்குப் போறவனுக்குப் படிப்பு வேணும்னா பொழுது சாய்ஞ்ச பிறகுதான்ங்கறது 200 வருஷமா மாறலை.

பாதி மூடின வால்வு

சரி, படிச்சதுல என்ன கிடைச்சுதுன்னு கேப்பீங்க. ஒரே ஒரு உதாரணம் சொல்றேன்.

எங்க மில்லுல தண்ணி சுத்தி வர்ற லைன் ஒண்ணு இருந்துது. அதுக்குப் பெரிய சென்ட்ரிஃபியூகல் பம்ப். தேவைக்கு மேல தண்ணி தள்ளும். அதனால டெலிவரி வால்வைப் பாதி மூடி வெச்சு ஓட்டுவோம். நான் சேர்றதுக்கு முன்னாடியே அப்படித்தான். எங்க செக்‌ஷன்ல மூத்தவர் ஒருத்தர், அவரை நான் அண்ணன்னு மட்டும் சொல்லிக்கறேன், அவரு சேர்ந்தப்பவும் அப்படித்தான். அண்ணன் எட்டாவது வரைக்கும் படிச்சவரு. ஆனா பேரிங் மேல கை வெச்சே இது எத்தனை நாள் தாங்கும்னு சொல்லுவாரு. அவரு அடிக்கடி சொல்றது: "வால்வை மூடறோம், தண்ணி குறையுது. ஆனா ஆம்ப்ஸ் பெருசா எறங்க மாட்டீங்குது பார்த்தியா தம்பி? எங்கயோ வீணாப் போகுது." எங்கன்னு அவருக்குச் சொல்லத் தெரியலை. எனக்கும் தெரியலை.

மூணாவது வருஷம் ஹைட்ராலிக் மெஷின்ஸ் கிளாஸ்ல சார் போர்டுல மூணு வரி எழுதினாரு. பம்ப்போட வேகத்தைக் குறைச்சா, தண்ணி அதே விகிதத்துல குறையும். அழுத்தம் அந்த விகிதத்தோட வர்க்கத்துல குறையும். பவர் அதோட கனத்துல குறையும். அதாவது வேகத்தை 20 சதவீதம் குறைச்சா, தண்ணி 20 சதவீதம்தான் குறையும். ஆனா பவர் 0.8-ஐ மூணு தடவை பெருக்கின அளவுக்கு வந்துடும். 0.512. கிட்டத்தட்டப் பாதி! தண்ணியை உயரத்துக்கு ஏத்தற லைன்ல இது அப்படியே வராது. ஆனா எங்களுது மாதிரி சுத்தி வர்ற லைன்ல ஏறக்குறைய வரும். வால்வை மூடி ஓட்டறதுங்கறது ஆக்ஸிலரேட்டரை மிதிச்சுக்கிட்டே பிரேக்கையும் பிடிக்கற மாதிரி.

அன்னிக்கு பஸ்ல தூங்கலைங்க. அடுத்த நாள் காலையில அண்ணன்கிட்ட நோட்டைக் காட்டினேன். அவரு ரொம்ப நேரம் அதைப் பார்த்தாரு. "அப்ப நான் சொன்னது சரிதானடா"ன்னாரு. சரிதான். இருபது வருஷமா அவரு காதுல கேட்டுக்கிட்டு இருந்ததுக்கு அந்த நோட்டுல ஒரு நம்பர் இருந்துது. ரெண்டு பேரும் சேர்ந்து ஆம்ப்ஸ் குறிச்சு மேனேஜர்கிட்டக் கொடுத்தோம். உடனே ஒண்ணும் நடக்கலை. ஒரு வருஷம் கழிச்சு அந்தப் பம்ப்புக்கு டிரைவ் மாட்டினாங்க. வால்வை முழுசாத் திறந்தோம்.

அண்ணனோட ராத்திரி

இப்ப கழண்ட இடத்துக்கு வர்றேன்.

எங்க மில்லுல மூணு ஷிப்ட். 6-ல இருந்து 2, 2-ல இருந்து 10, 10-ல இருந்து 6. வாரா வாரம் மாறும். சாயங்காலம் 6 மணிக்குக் கோயமுத்தூர்ல கிளாஸ்ல உக்காரணும்னா முதல் ஷிப்ட் மட்டும்தான் ஒத்து வரும். செகண்ட் ஷிப்ட்னா கிளாஸ் நேரத்துல மில்லுக்குள்ள இருப்பேன். நைட்னா 10 மணிக்கு உள்ளே போகணும், நான் அப்ப அவினாசி தாண்டிக்கூட இருக்க மாட்டேன். ஆக, நாலு வருஷம் நான் முதல் ஷிப்ட்லயே இருக்கணும்னா, எனக்கு வர வேண்டிய செகண்டும் நைட்டும் வேற யாரோ பார்க்கணும்.

அந்த யாரோ, அண்ணன்தான். அட்மிஷன் சமயத்துல கம்பெனி லெட்டர் கேட்டாங்க. மேனேஜர் "ஷிப்ட் நீங்களே பேசிக்கிட்டா எனக்கு ஆட்சேபணை இல்லை"ன்னாரு. அண்ணன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. "போடா தம்பி, போய்ப் படி. எனக்கு நைட்டு பழகிப்போச்சு"ன்னாரு. அவ்வளவுதான் பேச்சு. நான் தீபாவளிக்கு ஒரு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தேன். அதோட என் கணக்கு தீர்ந்துச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.

2017 ஜனவரி, ஆறாவது செமஸ்டர். மாட்டுப் பொங்கலுக்கு அண்ணன் ஊட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி காபி கொண்டுவந்து வெச்சுட்டு, ரொம்ப சாதாரணமாத்தான் கேட்டாங்க: "உங்க படிப்பு எப்பங்க தம்பி முடியுது? இவருக்கு சுகர் முந்நூறுக்கு மேல போயிடுச்சுங்க. டாக்டரு நைட் ஷிப்ட் ஆகாதுன்னுட்டாரு. இவரு உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாரு." அண்ணன் உள்ளேயிருந்து சத்தம் போட்டாரு. அண்ணி எந்திரிச்சுப் போயிட்டாங்க.

நான் வண்டியில வர்றப்ப நினைச்சுப் பார்த்தேன். ரெண்டரை வருஷமா தினமும் காலையில 6 மணிக்கு, நைட் முடிச்சுட்டு வெளியே வர்ற அண்ணன்கிட்ட இருந்துதான் நான் சார்ஜ் எடுக்கறேன். அவரு மெலிஞ்சது என் கண்ணுல படலை. பேரிங் சூடானா எனக்குத் தெரியுது. இது தெரியலை.

என் கண்ணு ரெண்டு வழியைத்தான் பார்த்துது. ஒண்ணு, தெரியாத மாதிரி இருந்துட்டு, இன்னும் ஒண்ணரை வருஷம்தானேன்னு ஓட்டிடறது. இதையும் யோசிச்சேங்க, மறைக்கலை. ரெண்டாவது, நைட்டைத் திருப்பி வாங்கிக்கறது. வாங்கிக்கிட்டேன். அண்ணன் சண்டை போட்டாரு, நாலு நாள் பேசலை. நான் ஷிப்ட்டு பழையபடி மாறி மாறிப் போனேன். மூணு வாரத்துல ஒரு வாரம்தான் கிளாஸ். பரீட்சை எழுத 80 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேணும். எனக்குப் பாதிகூட வரலை. பரீட்சை எழுத விடலை. அந்த செமஸ்டரையே அடுத்த வருஷம் மறுபடி படிக்கணும்னாங்க. ஒரு வருஷம் போச்சு.

அந்த ஒரு வருஷம் ரொம்ப மோசமா இருந்துது. ஏஜென்ட்டை நினைச்சுக்குவேன். அன்னிக்கு அவருகிட்டக் கட்டியிருந்தா இந்நேரம் கையில சர்டிபிகேட் இருக்கும், அண்ணனுக்கும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு. அந்த நினைப்பு 2017 நவம்பர் வரைக்கும் இருந்துது. நவம்பர் 3-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. ராஜஸ்தான்ல ரெண்டு, அலகாபாத்ல ஒண்ணு, நம்ம சேலத்துல ஒண்ணுன்னு நாலு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் இல்லாமத் தொலைதூரத்துல கொடுத்த இன்ஜினியரிங் டிகிரி செல்லாதுன்னுட்டாங்க. 2001-ல இருந்து 2005 வரைக்கும் சேர்ந்தவங்களுக்கு மட்டும் ஒரு பரீட்சை எழுதித் தேற வாய்ப்பு. அதுக்குப் பிறகு சேர்ந்தவங்களுக்கு அதுவும் இல்லை. அது டிகிரி பத்தின வழக்கு, டிப்ளமோ பத்தினது இல்லை. ஆனா அதுல மாட்டினவங்க யாருன்னு பாருங்க. பாதிப் பேர் என்னை மாதிரி. வேலை பார்த்துக்கிட்டே, பிரமோஷனுக்காக, கஷ்டப்பட்டுப் பணம் கட்டினவங்க. பத்து வருஷம் முன்னாடி வாங்கின காகிதம் ஒரு வெள்ளிக்கிழமையோட போச்சு. எனக்கு நிம்மதி வரலைங்க. பயம்தான் வந்துச்சு. அம்மா ஒரு கேள்வி கேக்காம இருந்திருந்தா நானும் அந்த மாதிரி ஒரு வரிசையில நின்னிருப்பேன்.

நாலு பேர், ஒரு சார்ட்

மறுபடி மாட்டினது எப்படின்னா, மூணாவது வழி ஒண்ணு இருந்துது. எனக்குத் தெரியாத வழி, அண்ணனுக்குத் தெரிஞ்சது. டிசம்பர்ல ஒரு நாள் அவரே கேன்டீன்ல நாலு பேரைக் கூட்டி உக்கார வெச்சாரு. "இவனோட நைட்டை நான் ஒருத்தன் தூக்கினேன், இடுப்பு போச்சு. நாலு பேரு தூக்கினா ஒண்ணும் தெரியாது"ன்னாரு. மாசத்துக்கு ஒருத்தர்னு என் நைட்டையும் செகண்டையும் பிரிச்சுக்கிட்டாங்க. பதிலுக்கு நான் என்ன தர்றேன்ங்கறதையும் அங்கயே பேசினோம். வேட்டி சட்டை இல்லை. அவங்க ஊரு நோம்பி, பொங்கல், தீபாவளி, கல்யாணம் காட்சி, ஞாயித்துக்கிழமை, எது வந்தாலும் அவங்க டூட்டியை நான் பார்க்கணும். எழுதி போர்டுல ஒட்டினோம். 2018 பொங்கல், தீபாவளி ரெண்டுமே நான் மில்லுலதான். எனக்கு அது பாரமா தெரியலை. வாங்கின கடன் எவ்வளவுன்னு தெரிஞ்சா அடைக்கறது சுலபம்.

2019 ஏப்ரல்ல கடைசிப் பரீட்சை. முதல் வகுப்புன்னு பெருமையாச் சொல்லிக்க எல்லாம் இல்லை. மேத்ஸ்ல ரெண்டு தடவை போய் மூணாவது தடவை 43. ஆனா பாஸ். சர்டிபிகேட் வந்தப்ப முதல்ல அண்ணன் ஊட்டுக்குத்தான் எடுத்துட்டுப் போனேன். அண்ணி கையைத் துடைச்சுட்டு வாங்கிப் பார்த்துட்டு, "பேரு ஒண்ணுதான் போட்டிருக்காங்க"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.

இப்ப நான் அதே மில்லுல சூப்பர்வைசர். அந்தப் பேனா என் கையில. ஷிப்ட் சார்ட் போடறதும் நான்தான். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பையன் வந்து நின்னான். "அண்ணா, பார்ட் டைம் சேரலாம்னு இருக்கேன், எனக்கு முதல் ஷிப்ட் மட்டும் போட முடியுங்களாண்ணா?"ன்னான். எல்லாரும் எதிர்பார்த்தது நான் உடனே சரின்னுடுவேன்னு. நான் அவன்கிட்ட, "உன் நைட்டை யாரு பார்ப்பா?"ன்னு கேட்டேன். அவன் முகம் சுருங்கிடுச்சு. தட்டிக் கழிக்கறேன்னு நினைச்சுட்டான். அப்புறம் அவனை உக்கார வெச்சு இந்தக் கதையைச் சொன்னேன். அஞ்சு பேர்கிட்ட அவனையே போய்ப் பேச வெச்சேன். அவங்களுக்கு அவன் என்ன திருப்பித் தருவான்னு அவன் கையாலயே எழுதச் சொன்னேன். நாப்பது வயசு தாண்டினவங்களை நைட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு நான் ஒரு வரி சேர்த்தேன். அவன் இப்ப நாலாவது செமஸ்டர். இந்தப் பேச்சு பதிவாகற நேரத்துல அவன் பஸ்ல இருப்பான், அனேகமாத் தூங்கிட்டு.

சேரப் போறவங்களுக்கு

கடைசியா, சேரலாம்னு இருக்கறவங்களுக்கு நாலு விஷயம்.

ஒண்ணு, பணம் கட்டறதுக்கு முன்னாடி, அந்தப் படிப்புக்கு அந்த வருஷம் ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் இருக்கான்னு நீங்களே அவங்க இணையதளத்துல பாருங்க. பாலிடெக்னிக்னா டி.ஓ.டி.இ. இணைப்பு இருக்கான்னு பாருங்க. சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடப்போறது யாருன்னு கேளுங்க. கேட்டா கோபப்படற இடத்துல சேராதீங்க.

ரெண்டு, 2023-ல இருந்து ஏ.ஐ.சி.டி.இ. வேலை பார்க்கறவங்களுக்குன்னே தனியா, நேரத்தை வளைச்சுக்கற மாதிரி வகுப்பு நடத்தக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்குது. வேலை அனுபவம், வேலை பார்க்கற இடத்துக்கும் கல்லூரிக்கும் உள்ள தூரம்னு சில நிபந்தனைகள் உண்டு. அந்தந்த வருஷ அறிவிப்பைப் படிச்சுக்கோங்க. பக்கத்துலயே கிடைச்சா நான் பட்ட 2,560 மணி நேரம் உங்களுக்கு மிச்சம்.

மூணு, டிப்ளமோவோட கதவு மூடறதில்லை. டிப்ளமோ முடிச்சவங்க பி.இ. ரெண்டாம் வருஷத்துல நேரடியாச் சேரலாம். கோயமுத்தூர்ல ஜி.சி.டி. மாதிரி இடங்கள்ல பார்ட் டைம் பி.இ.யும் நடந்திருக்கு. நான் இன்னும் யோசிச்சுட்டு இருக்கேன். எங்க ஊட்ல கேட்டுட்டுத்தான் முடிவு. இந்தத் தடவை முதல்ல கேட்டுடறது.

நாலு, அப்ளிகேஷன் நிரப்பற அன்னிக்கே இன்னொரு தாள் எடுங்க. நீங்க கிளாஸ்ல இருக்கற அந்த மூணு மணி நேரம், பஸ்ல இருக்கற நாலு மணி நேரம், உங்க வேலையை யாரு பார்க்கறாங்கன்னு பேர் பேரா எழுதுங்க. மில்லுல ஒருத்தர் இருப்பாரு. ஊட்ல ஒருத்தங்க இருப்பாங்க, அனேகமா அம்மா, இல்லைன்னா சம்சாரம். அவங்ககிட்டப் போய், உங்களுக்கு இது ஆகுமான்னு கேளுங்க. "அதெல்லாம் ஒண்ணும் இல்லை, நீ போய்ப் படி"ன்னுதான் சொல்லுவாங்க. அதை நம்பிடாதீங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி கேளுங்க.

அண்ணன் நல்லா இருக்காருங்க. சுகர் கட்டுப்பாட்டுல இருக்கு. முதல் ஷிப்ட் மட்டும்தான், நான்தான் சார்ட் போடறேன். இந்தப் பேச்சை அவருக்கு அனுப்புவேன். கேட்டுட்டு, "பம்ப் கதையில என் பேரைச் சொல்லலையேடா"ன்னுதான் சொல்லுவாரு.